பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு பயணமா?



இந்த மாதம் உங்களிடம் ஒரு கேள்வியோடு வருகிறேன். உங்களுக்குத் திருமணமாகி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? அத்தனை ஆண்டுகளில் பிள்ளைகளும் உறவினர்களும் உடனில்லாமல், கணவன் மனைவி இருவராக மட்டும் ஓரிரவு வெளியூரில் தங்கிய நாட்கள் எத்தனை? மருத்துவமனையில் தங்கிய இரவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திருமண வீடுகளுக்கும் மையித்து வீடுகளுக்கும் போய்வந்ததையும் சேர்க்காதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு எண்ணுவதற்கு ஒரு விரல்கூடத் தேவைப்படாது.

ஈராண்டுகளுக்கு முன்புவரை என் கணக்கும் அதுதான். திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகள், எண்ணிக்கை சுழியம். இத்தனைக்கும் நான் வாழ்வது போடிநாயக்கனூரில். மொட்டை மாடியில் ஏறி நின்றால் மேற்கே மலை. மக்கள் எங்கெங்கிருந்தோ பணம் செலவழித்துத் தேடி வரும் குளிர்ச்சி எங்களுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரப் பயணத்தில் கிடைத்துவிடும். இருந்தும் போனதில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பலமுறை போயிருக்கிறோம். வேன் பிடித்து, இருபது பேராகப் போயிருக்கிறோம். பிரியாணிச் சட்டியும் தண்ணீர்க் குடமும் பாயும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம்.

அப்படிப் போய்த் திரும்பிய ஒருநாள் இரவு, சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்த என் துணைவியாரிடம், "மலை எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "மலையையா? போடிமெட்டு ஏறும்வரை சின்னவன் வாந்தி எடுத்த பையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றுதான் இருவராக ஒருமுறை போய்வருவது என்று முடிவு செய்தேன். அவரது அனுமதியுடன் அதை இங்கே எழுதுகிறேன்.

ஊர் என்ன சொல்லும்?

முதல் தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் தாயார், "பிள்ளைகளை விட்டுட்டு அப்படி என்ன பயணம்? ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டார்கள். துணைவியாரும், "மாமி சொல்வது சரிதானே" என்று பின்வாங்கினார். அவரைத் தடுத்தது மாமியாரின் சொல் மட்டுமன்று. பிள்ளைகளின்றி மகிழ்வது குற்றம் என்ற எண்ணம் அவர் உள்ளத்திலும் வேரூன்றியிருந்தது. நம் வீட்டுப் பெண்களில் எத்தனையோ பேரின் நிலை இதுதான்.

நான் என் தாயாரிடம் வாதம் செய்யவில்லை. நாம் அனைவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுபடுத்தினேன். பயணம் ஒன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களை முன்னே செல்லும்படி கூறிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அதில் அன்னையார் வென்றார்கள். பின்னொரு காலத்தில் மீண்டும் ஓடியபோது நாயகம் அவர்கள் வென்றார்கள். இந்த நிகழ்ச்சியை மேடைகளில் கேட்டு மகிழ்கிறோம். ஆனால், தோழர்கள் முன்னே அனுப்பப்பட்டார்களே, அதை நாம் கவனிப்பதில்லை. அவ்வளவு பெரும் பொறுப்பைச் சுமந்தவர்கள் தம் இல்லத்தரசிக்கென்று அந்தச் சிறிது நேரத்தை ஒதுக்கினார்கள். நம் பொறுப்புகள் அதைவிடப் பெரியவையா? என் தாயார் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "ஒரு ராத்திரிதானே? போயிட்டு வாங்க" என்றார்கள்.

எப்போது, எப்படி?

போக விரும்பும் வாசகர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மூணாறு பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. போடிமெட்டுச் சாலையில் மண்ணும் பாறையும் சரிவது அப்போதுதான். ஏப்ரல், மே மாதங்களிலும் டிசம்பர் இறுதியிலும் விடுமுறைக் கூட்டம். ஆகவே ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு, வார நடுவில் இரு நாட்கள் என்பதே எங்கள் தேர்வாக இருந்தது. ஆகஸ்டில் தொடங்கும் ஏலக்காய் அறுவடையும் அப்போது முடிந்திருக்காது. வரையாடுகளைக் காண விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை குட்டி ஈனும் காலத்தை முன்னிட்டு, இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள்.

வெளியூர் அன்பர்கள் இப்போது ரயிலிலேயே போடிக்கு வந்துவிடலாம். 1928ஆம் ஆண்டு தொடங்கிய மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டு முடிவோடு மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ரயிலின்றி இருந்த போடிக்கு 2023 ஜூன் 15 அன்று மீண்டும் ரயில் வந்தது. அங்கிருந்து மூணாறு ஏறக்குறைய 68 கிலோமீட்டர். தொலைவிலிருந்து வருவோர் தொழுகையைச் சுருக்குவது பற்றிப் புறப்படுமுன் தம் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளட்டும். போடிக்காரர்களாகிய எங்களுக்கு அந்தத் தூரம் போதாது.

சின்னவனுக்கு அப்போது ஒன்பது வயது. பால்குடிக் குழந்தை இருந்தாலோ, வீட்டில் எவருக்கேனும் உடல்நலமில்லை என்றாலோ பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பிள்ளைகளிடம் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டுப் புறப்படாதீர்கள். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்பதை அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மருந்து, பள்ளி நேரம், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நன்னியிடம் கொடுங்கள். கைச்செலவுக்குப் பணமும் கொடுங்கள். பெரியவர்களின் உழைப்பை இலவசமாக எண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு, அது நன்றன்று.

கடன் வாங்கிப் பயணம் போகவேண்டாம். நாங்கள் பத்து மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்தோம். இருவரும் அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். நாங்கள் தங்கிய விடுதியில் இருந்த இளைஞர் என் தாடியையும் துணைவியாரின் பர்தாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பிள்ளைகள் வரவில்லையா?" என்று இருமுறை கேட்டார். ஊர் கேட்கும் என்று அஞ்சிய கேள்வியை மலையுச்சியில் அவர்தாம் கேட்டார்.

பதினேழு வளைவுகள்

அதிகாலைத் தொழுகை முடிந்து பேருந்தில் ஏறினோம். முந்தல் தாண்டியதும் மலைச்சாலை. பதினேழு கொண்டையூசி வளைவுகள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான்காவது வளைவுக்குள் எங்களுக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது. சின்னவன் சாப்பிட்டிருப்பானா, பெரியவன் டியூஷனுக்குப் போவானா, கேஸ் சிலிண்டர் இன்று வருமா, அவ்வளவுதான். பதினெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்குப் பிள்ளைகளையும் வீட்டையும் தவிரப் பேச ஒன்றுமில்லை. அந்த வெறுமை எனக்கு அச்சமூட்டியது. பிள்ளைகள் படித்து, மணமுடித்துப் போனபின் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து எதைப் பேசப்போகிறோம்?

போடிமெட்டு தாண்டியதும் ஏலத்தோட்டங்கள் தொடங்கின. மரநிழலில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகள். காய் பிடிப்பதோ அடியில், தரையையொட்டிப் படரும் சரங்களில். பழுத்தவற்றை மட்டும் தேர்ந்து பறிக்க வேண்டியிருப்பதால், பெண்கள் நாளெல்லாம் குனிந்தும் குந்தியும் எடுக்கிறார்கள். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தினால்தான் 1 கிலோ காய்ந்த ஏலம் கிடைக்கும். அதுவே தரம் பிரிக்கப்பட்டு, போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்துக்கு வருகிறது.

இவையெல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் துணைவியாருக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பள்ளி லீவில் எங்கம்மாவோடு ஜீப்பில் வந்து நானே காய் எடுத்திருக்கிறேன்" என்றார். நான் திகைத்துப் போனேன். மாமியார் தோட்ட வேலைக்குப் போனவர் என்பது தெரியும். இவரும் போனார் என்பது தெரியாது. விரலிடுக்குப் பிசின் எண்ணெய் தேய்த்தும் போகாது என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றதும் அப்படித்தான் என்றார். கேட்டால் சொல்லியிருப்பார். பதினெட்டு ஆண்டுகளாக நான் கேட்கவில்லை.

தேநீர்க் கடையில் கேட்டது

பூப்பாறையில் இறங்கித் தேநீர் குடித்தோம். அங்கே அவர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். எங்கள் மூத்த மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். உறவில் ஒரு நல்ல வரன். தேர்வு முடிந்ததும் பேசி முடித்து, வயது நிறைந்ததும் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்பது என் தாயாரின் விருப்பம். நானும் பாதி தலையாட்டியிருந்தேன். துணைவியார் மறுத்து ஒன்றும் சொல்லாததால் அவருக்கும் சம்மதம் என்றே எண்ணியிருந்தேன்.

"எனக்குச் சம்மதமில்லை. அவள் படிக்கட்டும். வீட்டில் இதை எங்கே வைத்துச் சொல்வது? ஒரு பக்கம் மாமி, ஒரு பக்கம் பிள்ளை" என்றார்.

சகோதரர்களே! எங்கள் வீட்டில் கூடத்தையும் சமையலறையையும் சேர்த்து மூன்றே அறைகள். கதவு சாத்திப் பேசினால் அதற்கே விளக்கம் சொல்லவேண்டும். ஒரு தாய் தன் மகளின் வாழ்வு குறித்த கருத்தைத் தன் கணவனிடம் கூறுவதற்கு 4,000 அடிக்குமேல் மலையேற வேண்டியிருந்தது. நான் மதுரையில் தங்கிப் பட்டம் பெற்றவன். அதே வாய்ப்பை என் மகளுக்கு மறுக்க ஏறக்குறைய ஒப்புக்கொண்டிருந்தேன். மூணாறு போய்ச் சேரும்வரை இதைப் பற்றியே பேசினோம். ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பும் தேவிகுளத்துத் தேயிலைச் சரிவுகளும் கடந்து போயின. சரியாகப் பார்த்தோமா என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை டாப் ஸ்டேஷன் போனோம். ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை அங்கிருந்து கம்பிவட வழியாகக் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிகளில் போடிக்குப் போனது. மூணாற்றிலிருந்து அந்த உச்சிவரை வந்த சிறு ரயில் பாதை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. அங்கு நின்று கீழே எங்கள் ஊர்த் திசையைப் பார்த்தோம். துணைவியார் நெடுநேரம் நின்றார். வாந்திப் பை இல்லை. பிரியாணிச் சட்டி இல்லை. இரவில் சின்னவன் அழுதான் என்று தொலைபேசியில் கேட்டபோது திரும்பிவிடலாமா என்று நினைத்தோம். காலையில் அவனே பேசி, "அத்தா, சாக்லேட் வாங்கிட்டு வாங்க" என்றதும் மனம் அமைதியடைந்தது.

எச்சரிக்கையாக இருங்கள்

மலை அழகானது, ஆனால் விளையாட்டுக் களமன்று. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் புதிதாய் மணமுடித்தவர்களும் இருந்தனர். கோடையில் புல்மேடுகள் காய்ந்துவிட்டால் தீ காற்றின் வேகத்தில் ஓடும். வனத்துறையின் அனுமதியின்றி எவர் அழைத்தாலும் காட்டுக்குள் நடக்காதீர்கள். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் போகிறது; ஆனால் பாதை மிகக் கரடு. முதுகுவலி உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம்.

சின்னக்கானல் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு. அங்கு பிடிபட்டு 2023 ஏப்ரலில் இடம் மாற்றப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, அடுத்த மாதமே கம்பம் நகருக்குள் நுழைந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். மாலைக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

மலை ஏற வசதியில்லாதவர்களும் இருப்பீர்கள். அவர்களுக்குச் சொல்வேன்: பயணம் ஒரு வாயில்தான். சுருளி அருவிவரை போய் மாலையில் திரும்புங்கள். அதுவும் முடியாவிட்டால், பிள்ளைகளை நன்னி வீட்டுக்கு அனுப்பிவிட்டு உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அரைநாள் உட்காருங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: முதல் ஒரு மணி நேரம் பேச்சு வராது. அதைக் கண்டு அஞ்சி எழுந்துவிடாதீர்கள்.

திரும்பி வந்து வரன் வீட்டாரிடம் பணிவாக மறுத்துவிட்டேன். என் தாயார் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த வருத்தத்தையும் மறைக்க விரும்பவில்லை. இன்று மகள் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரிப் பேருந்து வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பவர்கள் அவளுடைய நன்னிதான்.

இவ்வாண்டும் பத்து மாதச் சேமிப்பைத் தொடங்கிவிட்டோம். இம்முறை இடத்தைத் துணைவியாரே தேர்ந்தெடுப்பார். நீங்கள் எங்கே போகப்போகிறீர்கள்? இன்றிரவே அவரிடம் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.