லேமன் கதையின் இரு முனைப் பிழை

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலான நாளிலிருந்து அதை நிறுவிய குடும்பத்தைப் பற்றி ஒரே கதைதான் சுற்றி வருகிறது. ஜெர்மனியிலிருந்து வெறுங்கையோடு அமெரிக்கா போன மூன்று சகோதரர்கள் உழைத்து உயர்ந்தார்கள்; பேராசை பிடித்த வாரிசுகள் கவிழ்த்தார்கள். 'முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை' என்ற பழமொழியை அதோடு ஒட்டவைத்துவிட்டால் கதை முடிந்தது. இந்தக் கதையின் தொடக்கமும் தவறு, முடிவும் தவறு.

முதலில், உழைப்பு. அவர்கள் உழைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. பவேரியாவின் ரிம்பார் ஊரில் மாட்டு வியாபாரியின் மகனாகப் பிறந்த மூத்தவர் ஹென்றி 1844-இல் அமெரிக்கா வந்தார். அலபாமா மாநிலத்தில் ஊர் ஊராகச் சரக்கைச் சுமந்து விற்று, பிறகு மாண்ட்காமரி நகரில் கடை போட்டார். 1847-இல் தம்பி இமானுவேலும் 1850-இல் கடைசித் தம்பி மேயரும் வந்து சேர, கடை லேமன் பிரதர்ஸ் ஆனது. துணிமணி, மளிகை, பண்ணைச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். வாங்க வந்த பண்ணை முதலாளிகள் பணத்துக்குப் பதில் பஞ்சுப் பொதிகளைக் கொடுத்தார்கள். சாமானில் ஒரு லாபம், பஞ்சில் இன்னொரு லாபம். சில ஆண்டுகளில் பஞ்சே முதல் வியாபாரமாகிவிட்டது.

அந்தப் பஞ்சை வெயிலில் குனிந்து எடுத்தவர்கள் யார்? 1860-இல் அலபாமாவில் சுமார் 4,35,000 பேர் அடிமைகளாக இருந்தார்கள். மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ 45 விழுக்காடு. அவர்களுக்குக் கூலி கிடையாது, ஊரைவிட்டுப் போகும் உரிமை கிடையாது, பெற்ற பிள்ளைமீதுகூட உரிமை கிடையாது. லேமன் கடையின் கல்லாவுக்கு வந்த ஒவ்வொரு பொதியிலும் அவர்கள் உழைப்பு இருந்தது. அதோடும் நிற்கவில்லை. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் மேயர் லேமன் பெயரில் ஏழு அடிமைகள் பதிவாகியிருக்கிறார்கள். கணக்கெடுப்பில் அடிமைகளின் வயதையும் பாலினத்தையும் குறித்தார்கள், பெயரை எழுதவில்லை. 'உழைத்து உயர்ந்தார்கள்' என்று சொல்லும்போது இந்த ஏழு பேரின் உழைப்பை யார் கணக்கில் வைப்பது?

அந்தக் காலத்து வழக்கம் அது என்பார்கள். ஆனால் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்க 1833-இலேயே சட்டம் போட்டுவிட்டது. அதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. ஓர் ஊரில் எத்தனை யூதக் குடும்பம் இருக்கலாம் என்று சட்டம் போட்டு எண்ணி வைத்த பவேரியாவிலிருந்து கிளம்பி வந்தவர்கள் இவர்கள். எண்ணப்படுவதன் அவமானம் அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் இதை யூதர்களின் குற்றமாகத் திரிப்பவர்களையும் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்கத் தெற்கின் அடிமை உடைமையாளர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். லேமன்கள் அந்த ஊரின் மற்ற வியாபாரிகளைப் போலவே நடந்துகொண்டார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் குடும்பத்தை நொடித்துப் போகச் செய்தது, அவர்கள் மன உறுதியால் மீண்டார்கள் என்பது அடுத்த வாதம். ஆனால் போருக்கு முன்பே, 1858-இல், நியூயார்க்கில் ஒரு கிளை திறந்தாயிற்று. போரின்போது மேயர் தெற்கின் பக்கம் நின்றார். வடக்கில் சிறைப்பட்ட அலபாமா வீரர்களுக்கு உதவ, பஞ்சு விற்றுப் பணம் திரட்டும் வேலையை ஆளுநர் தாமஸ் வாட்ஸ் அவரிடம் ஒப்படைத்தார். அடிமைமுறை ஒழிந்த பின்னும் பஞ்சு ஒழியவில்லை. விடுதலை பெற்றவர்கள் நிலமில்லாமல் வாரத்துக்கு உழுது, வரப்போகும் விளைச்சலின்மேல் கடன் வாங்கினார்கள். நம் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய விவசாயி அவரிடமே விளைச்சலைப் போட வேண்டியிருப்பது போன்ற கட்டு அது. தெற்கின் பஞ்சு வணிகம் இந்தக் கட்டின்மேல்தான் மறுபடி எழுந்தது. 1867-இல் அலபாமா அரசின் கடன் பத்திரங்களை விற்கும் முகவர்களானார்கள் லேமன்கள். 1870-இல் நியூயார்க் பஞ்சுச் சந்தை தொடங்கியபோது அதை நிறுவியவர்களில் மேயரும் ஒருவர். மன உறுதி இருந்திருக்கலாம். ஆனால் கைகொடுத்தது பஞ்சும் நியூயார்க் கிளையும்.

இனி வாரிசுகள். இமானுவேலின் மகன் பிலிப் 1925 வரை நிறுவனத்தை நடத்தினார். சியர்ஸ் ரோபக் போன்ற கடைத்தொழில்களின் பங்குகளை மக்களிடம் விற்றுக் கொடுத்தது அவர் காலம். அவர் மகன் ராபர்ட் 1969-இல் இறக்கும்வரை தலைவர். அவருக்குப் பிறகு அந்த நிறுவனத்துக்கு ஒரு லேமனும் தலைமை ஏற்கவில்லை. 1984-இல் அது அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்கு விற்கப்பட்டது, 1994-இல் தனியாகப் பிரிந்தது. 2008-இல் 600 பில்லியன் டாலருக்கு மேல் கடனோடு கவிழ்ந்தபோது தலைமையில் இருந்தவர் ரிச்சர்ட் ஃபுல்ட். வீட்டுக்கடன் பத்திரங்களில் சூதாடியவர்கள் சம்பளமும் போனஸும் வாங்கிய அதிகாரிகள். பழியைத் தலைமையிலேயே இல்லாத ஒரு குடும்பத்தின்மேல் போட்டால் அவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

வாரிசுகள் சீரழிந்தார்கள் என்பதும் பொய். மேயரின் மகன் ஹெர்பர்ட் 1933 முதல் 1942 வரை நியூயார்க் ஆளுநர். பிறகு உலகப் போரில் வீடிழந்தவர்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோன பன்னாட்டு நிவாரண அமைப்பின் முதல் தலைவர். இன்னொரு மகன் இர்விங், நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி.

இந்தக் குடும்பத்தைப் பற்றி இத்தாலியர் ஸ்டெஃபானோ மாசினி எழுதிய 'லேமன் டிரிலஜி' நாடகம் 2022-இல் டோனி விருது பெற்றது. அடிமைகளைப் போதிய அளவு பேசவில்லை என்ற கண்டனமும் அதற்கு வந்தது. கண்டனம் சரியானது. இந்தக் குடும்பத்தின் கதையை இனி எழுதுபவர்கள் அலபாமாவின் பருத்திக் காட்டிலிருந்து தொடங்கட்டும், 1969-இல் முடிக்கட்டும். 2008-இன் கணக்கை அதை நடத்தியவர்களிடம் கேட்போம்.