தங்கமலைக் காடு

ஊவாவின் மலைத்தொடர்களைக் காண வருவோர் எங்கும் பச்சை என்று வியக்கின்றனர். அப்பச்சையின் பெரும்பகுதி தேயிலை என்னும் ஒரே செடியேயாகும். அதற்கு முன் இச்சரிவுகளை மூடியிருந்த காட்டில் இன்று சிறு துண்டுகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று அப்புத்தளைக்கு அருகிலுள்ள தங்கமலை. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டியதும், 1961 முதல் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடமாக விளங்குவதுமான அடிசம் மாளிகையை அடுத்து இக்காடு பரந்துள்ளது. 1938 இல் சரணாலயமாக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 130 ஹெக்டேயர் மட்டுமே.

காற்றில் வளைந்த குட்டை மரங்கள். அவற்றின் அடிமுதல் நுனிவரை பாசியும் பன்னமும். செவ்வலகும் நீல உடலும் நெடுவாலும் உடைய காக இனப் பறவையொன்று இங்கு வாழ்கிறது. இலங்கையன்றி உலகில் வேறெங்கும் அதற்கு இருப்பிடம் இல்லை. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியும் அத்தகையதே. மலை அணிலும் அடர்ந்த உரோமமுடைய மந்தியும் மரத்துக்கு மரம் தாவுகின்றன. அடிசத்திலிருந்து இதல்கசின்ன நோக்கி நடப்போர் பேச்சைக் குறைத்தால் இவற்றைக் காணலாம்.

மழையற்ற நாளிலும் இத்தகைய காடு நீர் தருகிறது. தவழும் மூடுபனி பாசியில் படிந்து சொட்டுகிறது. மக்கிய இலைமண் அதை உறிஞ்சி மெல்ல ஊற்றுக்கு விடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோட்டத்துப் பெண்கள் பீலியடியில் குடத்தோடு காத்து நிற்பதை அறிந்தவர்களுக்கு, மலைமேலுள்ள காட்டின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இணைச் சட்ட நூலின் 22 ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. வழியில் கூடொன்றைக் கண்டால் குஞ்சுகளை எடுக்கலாம், தாய்ப்பறவையைப் பிடிக்கலாகாது. தேவைக்கு எடுத்துக்கொள்ள இடமளிக்கும் அச்சட்டம், முழுவதையும் எடுக்க இடமளிக்கவில்லை. தங்கமலை அவ்வாறு விடப்பட்ட தாய்ப்பறவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

காடழிவு என்றதும் விறகுக்கட்டுடன் இறங்கும் தோட்டத்துப் பெண்ணையே பலர் சுட்டிக்காட்டுகின்றனர். இது நீதியன்று. முழு மலைகளையும் மொட்டையடித்தவள் அவளல்லள். லயத்து அடுப்புக்கு வேறு வழியில்லாமல் சுள்ளி பொறுக்குகிறாள். ஆயினும் பச்சை மரத்தில் கத்தி வைப்பதும், வறட்சியில் புல்வெளிக்குத் தீயிடுவதும் நம் பீலியையே வற்றச் செய்யும். தோட்ட நிருவாகங்கள் லயங்களுக்கு அண்மையில் விறகு மரங்களுக்கென நிலம் ஒதுக்கட்டும். பங்கு மக்களும் இவ்வாண்டு மழைக்கு முன்னரே நாற்றுகளை ஆயத்தம் செய்யலாம்.