எஜமானனுக்கு வக்காலத்து வாங்கவா பாடம்?

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்திலே சான் அந்தோனியோ என்றொரு நகரம். 2018-ம் ஆண்டு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அடிமை வாழ்வின் நன்மைகளை ஒரு கட்டத்திலும் தீமைகளை மறு கட்டத்திலும் எழுத வேண்டும். நடுநிலைப் பார்வை என்று தலைப்பு வேறு! பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள். பள்ளி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது.

"இரு தரப்பையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டாமா?" என்று சில கனவான்கள் கேட்கக்கூடும். தாராளமாகப் பார்க்கட்டும். எஜமானன் பேசட்டும், ஆனால் பதில் சொல்ல அடிமைக்கும் வாய் வேண்டும் என்கிறோம் நாம்.

பிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்து மாகாணத்தில் அடிமையாகப் பிறந்தவர். பால்டிமோர் நகரில் எஜமானி அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். எஜமானன் தடுத்துவிட்டான். படித்த அடிமை கட்டுக்குள் நிற்கமாட்டான் என்ற பயம் அவனுக்கு. சிறுவன் விட்டானா? தெருவிலே ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்துப் பாடம் கற்றான். சுமார் பன்னிரண்டு வயதில் 50 சென்ட் கொடுத்து 'கொலம்பியன் ஆரேட்டர்' என்ற புத்தகத்தை வாங்கினான். பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடைப் பேச்சுப் பழக்கும் புத்தகம் அது. தப்பியோடிப் பிடிபட்ட அடிமை ஒருவனும் எஜமானனும் வாதாடும் உரையாடல் அதில் உண்டு. எஜமானன் தன் நியாயங்களை அடுக்குகிறான். அடிமை ஒவ்வொன்றையும் உடைக்கிறான். கடைசியில் எஜமானன் அவனை விடுதலை செய்கிறான். அங்கேயும் இரு தரப்புதான். டெக்ஸாஸ் தாளிலோ இரண்டு கட்டங்கள் இருந்தன. பேசுவதற்கு அடிமை இல்லை.

வாலிபனான பின் டக்ளஸ் கப்பல் பட்டறையில் பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை செய்தார். வாரக் கூலி முழுவதையும் எஜமானனிடம் கொட்ட வேண்டும். 6 டாலர் கொண்டுவந்தால், உற்சாகமூட்ட என்று, சில சமயம் 6 சென்ட் கையில் வைப்பான். நூறில் ஒரு பங்கு! டக்ளஸ் இதிலே மயங்கவில்லை. முழுக் கூலியும் எனக்கே உரியது என்று இவன் நெஞ்சறிந்து ஒப்புக்கொள்கிறான், அதற்கு அடையாளமே இந்தக் காசு என்று கண்டுகொண்டார். ஆலைத் தோழருக்கு இதை விளக்க வாத்தியார் வேண்டியதில்லை.

1838-ல் வடக்கே தப்பினார். மேடையில் அவர் பேசிய பேச்சைக் கேட்டு, இவரா அடிமையாக இருந்தவர் என்று சந்தேகித்தார்கள். ஆகவே எஜமானர்களின் பெயரையும் ஊரையும் போட்டே 1845-ல் தன் கதையை அச்சிட்டார். ஆள்பிடிப்பவனுக்கு அந்த விலாசம் போதாதா? கடல் கடந்து பிரிட்டனுக்குப் போக நேர்ந்தது. 1846-ல் அங்குள்ள நண்பர்கள் பணம் திரட்டிக் கொடுத்து அவரை மீட்டார்கள்.

அந்தப் புத்தகமும், சுதந்திர தினம் அடிமைக்கு எதற்கு என்று 1852 ஜூலை 5-ந் தேதி ராச்சஸ்டர் நகரில் அவர் கேட்ட பேச்சும் இன்று அமெரிக்க வகுப்புகளில் பாடம். எந்த உத்தியால் கேட்போரை வசப்படுத்தினார் என்று பிள்ளைகள் கோடிட்டு மார்க்கு வாங்குகிறார்கள். அதையும் கற்கட்டும். ஆனால் வாத்தியார் முதலில் கரும்பலகையில் 6 டாலர், 6 சென்ட் என்று எழுதட்டும். மிச்சம் 5 டாலர் 94 சென்ட் யார் பைக்குப் போயிற்று என்று கேட்கட்டும்.