பெரிய எழுத்தும் பொய்த் தழும்பும்

பழைய காலத்துச் சுவரொட்டிகளின் சாயலில் இப்பொழுது கணிப்பொறிக்கென்று வரைந்து விற்கப்படும் தடித்த எழுத்துருக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் மனக்குறையும் ஒருங்கே உண்டாகின்றன. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் உத்தரத்தைப் போலக் கனத்த குறுக்குப் பட்டையைத் தாங்கி நிற்கும் அந்த ஸ்லாப் செரிஃப் எழுத்து, இருநூறு ஆண்டுகள் கடந்தும் தன் கம்பீரம் குன்றாமல் புத்தக அட்டைகளிலும் கடைப் பலகைகளிலும் வீற்றிருப்பதைக் காண்பது மகிழ்ச்சி. அவற்றுள் பலவற்றின் மேனியில் கீறலும் புள்ளியும் மை படியாத வெள்ளைத் திட்டும் வேண்டுமென்றே தூவப்பட்டு, அந்தச் சிதைவுதான் பழமை என்று நம்மை நம்பச் செய்வதே என் மனக்குறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மாநகரத்துச் சுவர்களில் லாட்டரிச் சீட்டுக்காரர்களும் நாடகக் கொட்டகைக்காரர்களும் இடம்பிடிக்கப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத்து வார்ப்பவர்கள் முதலில் புத்தக எழுத்தின் தடித்த கோடுகளை மட்டும் பின்னும் தடிக்கச் செய்தார்கள். மெல்லிய கோடுகளோ மயிரிழையாகவே நின்று, தெருவின் எதிர்ப்புறத்தில் நடந்து போகிறவனுடைய கண்ணுக்குத் தெரியாமற் போயின. மெல்லிய கோட்டுக்கும் முனைப் பட்டைக்கும் ஏறத்தாழத் தண்டுக்குரிய கனத்தையே கொடுத்துவிட்டால் அந்தக் குறை தீரும் என்ற யுக்தியின்படி அமைந்த எழுத்தை, 1815-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்களுள் ஒருவரான வின்சென்ட் ஃபிக்கின்ஸ் தம்முடைய மாதிரிப் புத்தகத்தில் வெளியிட்டார். தூரத்திலிருந்து ஒரே பார்வையில் படிக்கப்பட வேண்டும் என்ற நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்ததே தவிர, விநோதத்தில் விருப்பங் கொண்டு பிறந்த வடிவமன்று அது.

அந்த வம்சத்தில் என் அபிமானத்துக்கு உரியது கிளாரண்டன். லண்டனில் ஃபேன் தெரு வார்ப்படச் சாலையின் பங்காளியான ராபர்ட் பெஸ்லி 1845-இல் அதை வெளியிட்டார். அச்சு வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அகராதிகளில் தலைச் சொல்லைத் தனித்துக் காட்டுவது போன்ற சிறு வேலைகளுக்காகத் தோன்றி, பின்னர்ச் சுவரொட்டிக்கு ஏறிய எழுத்து அது. முந்தைய எழுத்துக்களில் தண்டும் பட்டையும் செங்கோணமாகச் சந்தித்து முரட்டுத்தனமாக நிற்க, இதில் அவ்விரண்டும் கூடும் மூலையை ஒரு சிறு வளைவு நிரப்புகிறது. அந்த வளைவினால்தான் அத்தனை கனமும் உறுத்தாமல் கண்ணில் அமர்கிறது. ‘ஆர்’ என்னும் பெரிய எழுத்தின் கால் நுனி, தரையைத் தொட்டபின் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும் அழகை ஒரு முறை உற்று நோக்கியவர்கள் மறக்கமாட்டார்கள். 1842-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெஸ்லி அதற்குப் பெற்ற பதிவுரிமை மூன்று ஆண்டுகளே நிலைத்தது. அது முடிந்தவுடன் மற்ற வார்ப்படக்காரர்கள் எல்லாரும் தத்தம் கிளாரண்டனை வெளியிட்டுவிட்டார்கள்.

சுவரொட்டி பெரிதாகப் பெரிதாக, ஈய எழுத்துக்கு இடையூறு நேர்ந்தது. பெரிய அளவில் வார்த்தால் உலோகம் ஒரு சீராக ஆறுவதில்லை. தூக்க முடியாத பாரமும் விலையும் வேறு. 1827-இல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ், மரத்தில் எழுத்தைக் குடைந்தெடுக்கும் இயந்திரத்தை அமைத்தார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் அதனோடு பான்டோகிராஃப் என்னும் கருவியை இணைக்கவே, ஒரே மாதிரியிலிருந்து வேண்டிய அளவுகளிலெல்லாம் எழுத்து வெட்டுவது சாத்தியமாயிற்று. மேப்பிள் மரத்தை நெடுக்காக அறுக்காமல் குறுக்காக வெட்டி, ரேகையின் முனை மேலே வருமாறு வைத்து, கண்ணாடிபோல் இழைத்து, 0.918 அங்குல உயரத்துக்குத் துல்லியமாக நிறுத்தினார்கள். இவ்வளவு சிரத்தையும் எதற்காக? எழுத்தின் விளிம்பு கத்திபோல் கூர்மையாகவும், அதன் வயிறு முழுவதும் மை ஒரே சீராகவும் விழ வேண்டும் என்பதற்காக. வெள்ளைத் திட்டு விழுந்த பிரதியை அந்நாளைய அச்சுத் தொழிலாளி கழித்துப் போட்டிருப்பானேயன்றி, அதை அலங்காரம் என்று கொண்டாடியிருக்கமாட்டான்.

மேலும், பொய்த் தழும்பு தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடுகிறது. மர எழுத்தில் அச்சான உண்மையான சுவரொட்டியில் ஒரு வரியில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து மூன்று முறை வந்தால் அவை மூன்றும் தனித்தனிக் கட்டைகள். ஒன்றின் தோளில் வடு இருக்கும், அடுத்ததில் இராது. கணிப்பொறி எழுத்துருவிலோ மூன்றிலும் அதே இடத்தில் அதே கீறல் கிடக்கும். மாற்று வடிவங்கள் சிலவற்றைக் கலந்து இதை மறைக்க முயல்வோரும் உண்டு. அந்த உழைப்பை முனைப் பட்டையின் கனத்திலும், மூலை வளைவிலும், எழுத்தின் உள்ளே அடைபட்ட வெள்ளை இடத்தின் அளவிலும் செலுத்தினால், பழமை தானாகவே வந்து அமரும். கட்டுமானம் சரியாக இருக்கிற எழுத்துக்குக் கிழிசல் உடை எதற்கு?

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் டூ ரிவர்ஸ் என்னும் ஊரில், 1880-இல் ஹாமில்டன் என்பவர் தொடங்கிய மர எழுத்துத் தொழிற்சாலையின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஏறத்தாழ 15 லட்சம் மர எழுத்துக்களைப் பாதுகாத்து வருவதோடு, அவற்றைக் கொண்டு இன்றும் அச்சடிக்கிறார்கள். தற்காலத்து எழுத்துக் கலைஞருள் முதன்மையானவரான மாத்யூ கார்ட்டர், அங்கே மரத்தில் வெட்டுவதற்கென்றே புதிதாக ஓர் எழுத்தை வரைந்து கொடுத்தார். ஸ்லாப் வகையைச் சேர்ந்ததன்று என்றாலும் அதுவும் அகன்று தடித்த சுவரொட்டி எழுத்துத்தான். அதன் விளிம்பில் ஒரு கீறலையும் அவர் வரையவில்லை.