கற்றல் பிள்ளைகளுக்கு மட்டுமா?

1968 மே மாதம் முதலாவது முழுக் கொள்கலன் கப்பல் ஹம்பேர்க்கை அடைந்தபோது, மூட்டை சுமந்த தோள்களுக்கு வேலை குறையத் தொடங்கியது. 2002 இல் திறக்கப்பட்ட அல்ரன்வேர்டர் முனையத்தில், சாரதியற்ற ஊர்திகளே கொள்கலன்களைச் சுமந்தன. இன்று அதே மாற்றம் களஞ்சியங்களையும் அலுவலகங்களையும் எட்டியுள்ளது.

ஆயினும், "ஐம்பது வயதில் என்ன படிப்பு?" என ஒதுங்கும் தமிழ்ப் பெற்றோர் பலர், பிள்ளைகளை மட்டுமே படிக்குமாறு நெருக்குகின்றனர். தமக்கு வரும் கடிதங்களை வாசிக்கவும் அப்பிள்ளைகளையே அழைக்கின்றனர். இது தியாகமன்று, அடுத்த தலைமுறையின் தோளில் ஏற்றப்படும் சுமை.

இரண்டு வேலை செய்து களைத்தவருக்கு நேரமேது என்பர். அந்த நேரத்தைச் சட்டமே தந்துள்ளது. ஹம்பேர்க்கின் 1974 ஆம் ஆண்டுக் கல்வி விடுமுறைச் சட்டப்படி, ஆறு மாதம் பணியாற்றிய ஊழியர், அங்கீகரிக்கப்பட்ட வகுப்புகளுக்காக ஈராண்டுக்குப் பத்து வேலைநாட்களை ஊதியத்துடன் பெறலாம். தொழில்நுட்பத்தால் வேலை பறிபோகக்கூடியோரின் மறுபயிற்சிக்கு உதவும் கூட்டாட்சிச் சட்டமும் 2019 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வயது தடையன்று.

கேளாத உரிமையை எந்த முதலாளியும் தேடிவந்து தருவதில்லை. மேடைகளில் உரிமை முழங்குவோர் வேலைத்தலத்தில் மௌனம் காப்பது ஏன்? தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்கும், அக்கட்டடத்திலேயே ஒரு வகுப்பறை திறக்கட்டும்!