பனிமலைக்கு ஏற்ற உடை

காணிப்பாக்கத்து அன்பர் ஒருவர், தம் மகள் மலையேற்றப் பயிற்சிக்காக டார்ஜிலிங் செல்லவிருப்பதாகவும், கடன் பட்டேனும் தடித்த கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கித் தர எண்ணுவதாகவும் எழுதியுள்ளார். கடன் வேண்டுவதில்லை. தடித்த கோட்டு ஒன்றினும் மெல்லிய ஆடைகள் மூன்று சிறந்தவை.

கம்பளி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஆடைகளின் இடையே அசையாது நிற்கும் காற்றே உடற்சூடு வெளியேறாமல் தடுக்கிறது. பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்து வைப்பதும் இம்முறை பற்றியே. அங்கே புறவெப்பம் உட்புகாதவாறு காக்கிறோம். இங்கே அகவெப்பம் வெளிப்போகாதவாறு காக்கிறோம்.

மலையில் 1,000 மீட்டர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். ஆயினும் குளிரைவிட ஈரமே கொடிது. நம் ஊர் வெயிலுக்கு உகந்த பருத்திப் பனியன் அங்கே பகையாகும். ஏறும்போது சுரக்கும் வியர்வையை அது உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும். நடை நின்றதும் அவ்வீரம் உடற்சூட்டைப் பறிக்கும். நீர் காற்றினும் இருபது மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்துவது. உடலின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே இடராகும்.

ஆதலின் மேனியை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை அணிக. அது வியர்வையை வெளியே கடத்தும். அதன்மேல் சூடு காக்க ஸ்வெட்டர். எல்லாவற்றிற்கும் மேலாகக் காற்றும் மழையும் புகாத மேலங்கி. இறகு அடைத்த சட்டை மிக்க கதகதப்புடையதே. நனைந்தால் பயன் குன்றும். காலுறைகளை இறுக்கமாக அணியலாகாது. குருதியோட்டம் தடைப்பட்டால் விரல்கள் உறைந்து கெடும்.

வெப்ப நாட்டுப் பெண்ணுக்குப் பனிமலை ஆகுமோ என்ற ஐயமும் வேண்டா. 2014 மே 25-இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த மாலாவத் பூர்ணாவுக்கு அப்போது வயது பதின்மூன்று ஆண்டு, பதினொரு மாதம். அவர் நிஜாமாபாத் மாவட்டத்துப் பாகாலா என்னும் சிற்றூரினர். நம் பாகாலா சந்திப்பு வேறு. அவரும் டார்ஜிலிங்கில் பயின்றவரே.

பயிற்சி நிலையத்தார் எவ்வெவ்வுடைகளைத் தாமே வழங்குவர் என்று கடிதம் எழுதிக் கேட்டறிந்த பின்னரே கடைக்குச் செல்க. நல்ல உள்ளாடை இரண்டை முதலில் வாங்குக. மகளுக்குச் சொல்ல வேண்டியது இதுவே: வியர்க்குமுன் ஓர் ஆடையைக் களைக, ஓய்ந்து உட்காருமுன் அதனை மீண்டும் அணிக.