‘சாலு’ என்ற ஒரு சொல்லும் குளியலறைக் கீசரும்

மும்பைத் தமிழர் வீடுகளில் காலை வேளையில் தவறாமல் ஒலிக்கும் வினாக்களுள் ஒன்று, ‘கீசர் சாலு இருக்கா?’ என்பது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர், மராத்தியிலிருந்தும் இந்தியிலிருந்தும் எடுத்துக்கொண்ட சொற்களுள் ‘சாலு’வும் ஒன்று. அச்சொல் இருபொருள் தருவது. சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது என்பது ஒரு பொருள். பழுதின்றி இயங்குகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வீடுகளில் நடக்கும் சோதனை ஒன்றே: குழாயின் கீழே கையை நீட்டுவது. நீர் சுட்டால் கீசர் சாலு.

இந்தச் சோதனை எதையும் சோதிப்பதில்லை. நீர் சூடாக வருகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. கருவி நலமாக இருக்கிறதா, அதனருகில் நிற்பவர் நலமாக இருப்பாரா என்பவை வேறு வினாக்கள்.

முதலில் மின்கீசரை எடுத்துக்கொள்ளலாம். அதன் முகப்பில் எரியும் சிறுவிளக்கையே பலரும் சான்றாகக் கொள்கின்றனர். விளக்கு அணைந்துவிட்டால் பழுது என்று மின்பணியாளரை அழைப்போரும் உளர். உண்மையில், பெரும்பாலான கீசர்களில் நீர் உரிய வெப்பத்தை அடைந்ததும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும், விளக்கும் அணையும். நெடுநேரம் அணையாத விளக்குதான் ஐயத்துக்குரியது. கணக்கும் எளிது. 15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்கு உயர்த்த ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரம் தேவை. 2,000 வாட் கீசர் அதனை 20 நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். 40 நிமிடம் ஆகிறதென்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. கடிகாரத்தைப் பார்ப்பது கையை நீட்டுவதைவிட நல்ல சோதனை; 60 பாகை நீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கக்கூடியது.

தாராவியின் சந்துகளில் கீசருக்குச் சுவரில் இடமேது? அங்கே வாளியும் அதனுள் தொங்கும் வாட்டர் ஹீட்டர் ராடும்தான். இங்கோ சோதிக்கும் செயலே ஆளைக் கொல்லக்கூடியது. ராடின் உறை விரிசல் கண்டிருந்தால் வாளி நீரெல்லாம் மின்சாரம் பாயும். சூடேறிவிட்டதா என்று விரலை நனைப்பவர் தம் உடலையே எர்த் கம்பியாக்குகிறார். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பின்னரே நீரைத் தொட வேண்டும். கசியும் மின்னோட்டத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்குமானால் ஒரு நொடியில் உயிர் தப்பும். அது எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதைவிட, அது இல்லாத வீடுகளுக்கு வாடகை குறைகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மின்சாரமாவது தொட்டவுடன் தன்னைக் காட்டிக்கொள்ளும். எரிவாயு கீசர் அப்படியன்று. நீர் பாயும் அழுத்தத்தில் வால்வு திறக்கிறது. பேட்டரி தரும் பொறியில் சுடர் பற்றுகிறது. நொடிகளில் வெந்நீர் கொட்டுகிறது. மின்கட்டணம் ஏறும் நகரத்தில் இதன் கவர்ச்சி விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆனால் சுடருக்குக் காற்று வேண்டும். சன்னலடைத்த சிறு குளியலறையில் காற்று குறையக் குறைய எரிதல் அரைகுறையாகிறது; கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. ஆக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. நிறமில்லை; மணமில்லை. சிலிண்டர் வாயுவிலும் குழாய் வாயுவிலும் கசிவை உணர்த்துவதற்காக மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றமும் சுடரில் எரிந்துபோகிறது. ‘கேஸ் வாடை இல்லையே’ என்ற ஆறுதலுக்கு இங்கே பொருளில்லை.

2020 சனவரியில் மும்பை போரிவலியில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி குளியலறையில் மயங்கி விழுந்து, பின்னர் உயிரிழந்தாள். எரிவாயு கீசரிலிருந்து வெளிப்பட்ட நச்சுவாயுவே காரணம் என்று செய்திகள் கூறின. குளிர்காலந்தோறும் நாட்டின் ஏதேனும் ஒரு நகரிலிருந்து இத்தகைய செய்தி வருகிறது. ஒவ்வொரு முறையும் அது ‘விபத்து’ என்றே எழுதப்படுகிறது.

தென்கொரியாவின் காங்நூங் நகரில் 2018 டிசம்பரில், கல்லூரி நுழைவுத் தேர்வை முடித்த 10 மாணவர்கள் ஒரு விடுதியில் தங்கினர். அறைக்கு வெப்பமூட்டும் பாய்லரின் புகைக்குழாய் பொருத்து விட்டுப் பிரிந்திருந்தது. மூவர் இறந்தனர், எழுவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்தப் பாய்லர் இயங்காமல் நின்றிருந்தால் குளிரில் நடுங்கியேனும் அவர்கள் பிழைத்திருப்பர். அது ‘சாலு’வாக இருந்ததே கேடாயிற்று. அதன்பின் அந்நாட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி சட்டத்தின் கட்டாயமாயிற்று.

நம் வீடுகளில் அந்த எச்சரிக்கையை உடல் தருகிறது; நாம் அதற்கு வேறு பெயர் சூட்டுகிறோம். குளித்து வெளியே வந்தவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றால், பித்தம் என்கிறோம். வெறும் வயிறு என்கிறோம். எண்ணெய் தேய்த்து நெடுநேரம் நின்றதால் என்கிறோம். தீபாவளி விடியலை எண்ணிப் பார்க்கலாம். ஒரே குளியலறை, ஒரே கீசர், கதவு திறந்து மூட வரிசையாக ஐந்து பேர். முதலாமவர் குளித்த காற்று வேறு. ஐந்தாமவர் சுவாசிக்கும் காற்று வேறு. அந்த ஐந்தாமவர் பெரும்பாலும் எல்லாருக்கும் எண்ணெய் வைத்துவிட்டுக் கடைசியாகக் குளிக்கச் செல்லும் வீட்டுப் பெண்.

முந்தைய தலைமுறையினர் செம்பு ‘பம்ப்’பில் கரி போட்டு வெந்நீர் காய்ச்சினர். அதுவும் நச்சுக்காற்றை வெளியிட்டதுதான். ஆனால் புகை கண்ணைக் கரித்தது. ஆகவே அதனைப் பின்கட்டிலோ பால்கனியிலோ வைத்தார்கள். எரிவாயுச் சுடர் புகையை நீக்கியது. புகையோடு சேர்ந்து அச்சமும் நீங்கியது. அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவந்தோம். அடுப்பு என்பதை மறந்தோம்.

வாடகைக்கு இருப்பவர் என்ன செய்ய முடியும் என்று கேட்பது நியாயம். மும்பையில் 11 மாத ஒப்பந்தத்தில் குடியேறுபவர், யாரோ எப்போதோ மாட்டிய கீசரைப் பெறுகிறார். சாவி கொடுக்கும்போது நிகழும் சோதனையும் ‘சாலு இருக்கு’ என்பதோடு முடிகிறது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டு உரிமையாளர் ஆண்டுக்கு ஒருமுறை தகுதிபெற்ற பணியாளரைக் கொண்டு எரிவாயுக் கருவிகளையும் புகைக்குழாயையும் பரிசோதித்து, சான்றைக் குடியிருப்பவரிடம் தரவேண்டும். முன்பணமும் தரகும் வாங்கிக்கொள்ளும் இந்நகரத்து உரிமையாளரிடம் அதே ஒரு தாளை எதிர்பார்ப்பது மிகையாகாது. வீட்டுவசதிச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வண்ணப்பூச்சுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் கிடைக்கும் நேரத்தில் கால்பங்கு இதற்குக் கிடைத்தாலும் போதும்.

அதுவரை வீட்டளவில் செய்யத்தக்கவை சில உண்டு. எரிவாயு கீசரைக் குளியலறைக்கு வெளியே, புகைக்குழாய் கட்டடத்துக்கு வெளியே திறக்குமாறு மாட்டுவதே முறை. அது கைகூடாத வீட்டில், கதவைத் திறந்துவைத்து வாளிகளை நிரப்பி, கீசரை அணைத்து, காற்று மாறிய பின் குளிக்கலாம். நீலச் சுடர் மஞ்சளானாலோ, மேற்புறத்தில் கரி படிந்தாலோ அன்றே நிறுத்திவிட வேண்டும். ஆனால் நீலச் சுடரும் காற்றோட்டத்துக்கு மாற்றாகாது.

மும்பைப் பேச்சில் ‘சாலு’வுக்கு மூன்றாவது பொருளும் உண்டு: தந்திரக்காரர். எரிவாயு கீசருக்கு அப்பொருளே பொருத்தம். வெந்நீரைக் கொட்டி நம்பவைத்துவிட்டு, வெளியிடுவதை மறைத்துக்கொள்கிறது. ஆகவே காலையில் கேட்கவேண்டிய வினா, கீசர் சாலு இருக்கிறதா என்பதன்று. அதன் புகை எங்கே போகிறது என்பதே. விடை தெரியாத வீட்டில், நாளைக் காலை கதவைச் சாத்துமுன் கீசரை அணைத்துவிடுவது நல்லது.